முதல் பாடம்: நடாதீர்கள்

உன் பச்சைச் சேலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நல்ல சேலைதான், கரையில் மட்டும் கொஞ்சம் சாயம் போயிருக்கிறது. அலுமாரிக்குள் வைத்த பூச்சி உருண்டையின் மணம் இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் வாவிச் சேற்றின் மணமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. எத்தனையோ தரம் துவைத்த சேலையில் சேறு எப்படி மணக்கும் என்று நீ கேட்பாய். எனக்கு மணக்கிறது, விடு.

இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு, நீ சொல்லித்தந்த அளவுதான். பல்லால் கடித்துத் தொடங்கினால் நேராகக் கிழியும் என்றும் சொல்லித்தந்தாய். என் பல் இப்போது அந்த வேலைக்கு ஆகாது. கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு இழுக்கிறேன். யன்னல் காற்றில் துண்டுகள் பறக்காமலிருக்க மேலே நம் கைநூலின் புதிய பதிப்பைப் பாரமாக வைத்திருக்கிறேன். அதன் அட்டையில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். வெளிவந்த நாளிலிருந்து அந்தப் புத்தகம் செய்கிற முதல் உருப்படியான வேலை இதுதான்.

போன வெயில் காலத்தில் அது பார்சலில் வந்தது. பசை காயாத மணம். முதல் பக்கத்தில் உனக்குச் சமர்ப்பணம், "வாவியின் புதல்விக்கு" என்று. இந்தப் பட்டத்தைக் கண்டிருந்தால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். தொகுத்தவர்கள் என்று உன் பேரும் என் பேரும் போட்டிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேர் மட்டும் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டி முதல் பாடத்தைத் தேடினேன். காணவில்லை. பின்னால் தள்ளியிருப்பார்களோ என்று கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அது இருந்த இடத்தில் இப்போது "நடுகை விழாவை ஒழுங்கு செய்தல்" என்று ஒரு பாடம் இருக்கிறது. விருந்தினரை எங்கே இருத்துவது, கன்றுகளை எப்படி அடுக்குவது, பதாகையை எந்தப் பக்கம் கட்டினால் போட்டோவில் வெயில் அடிக்காது என்பதெல்லாம் விளக்கமாக இருக்கிறது. கண்டல் மரத்தைப் பற்றியும் நடுவில் கொஞ்சம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாம் ஏன் அந்தக் கைநூலை எழுதினோம் என்பது உனக்கு மறந்திருக்காது. வாவிக்கரையில் அழிந்த கண்டல் காட்டை மீண்டும் கொண்டுவர ஊர் ஊராய் ஆட்களைப் பயிற்றுவதுதான் உன் நிறுவனம் உனக்குக் கொடுத்திருந்த வேலை. நான் காத்தான்குடியில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆரையம்பதியிலிருந்து உனக்கு என் வீடு ஒரு மிதி சைக்கிள் தூரம். என் முஸ்லிம் ஊரும் உன் தமிழ் ஊரும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில்கூட நீ சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். ஒருநாள் அப்படி வந்து, என் சாப்பாட்டு மேசையில் ஒரு தடித்த புத்தகத்தைத் தொப்பென்று போட்டாய். எந்த நாட்டுக் கடற்கரைக்கோ எழுதியதை யாரோ தமிழாக்கி உங்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"இஞ்ச பாருகா, கடல் வத்துற நேரம் போய், வத்துக்கும் பெருக்குக்கும் நடுவில நடட்டாம். நம்மட ஆத்துல அந்த வத்து எத்தின மணிக்கு வரும் எண்டு கொஞ்சம் சொல்லு பாப்பம்?"

அந்த நாட்டில் கடல் தினமும் வற்றிப் பெருகுமாம், அதுவும் ஆள் உயரத்துக்கு. நாம் ஆறு என்று சொல்கிற நம் வாவியில் அப்படி ஏதும் நடப்பதைக் கண்ணில் எண்ணெய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். நம் தண்ணீருக்கு வேறு கணக்கு. வெயில் காலத்தில், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடும், வாவி சுருங்கிக் கரையெல்லாம் சேறாய்க் கிடக்கும். மாரியில் மழைத்தண்ணீர் வந்து நிறையும். வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். வயல் வட்டைக்குள் தண்ணீர் புகுந்து வேளாண்மை மூழ்கத் தொடங்கியதும், முகத்துவாரத்தை வெட்டு என்று வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து சத்தம் வரும். வெட்டியதும் வாவி மளமளவென்று இறங்கிவிடும். வெயிலில் நீ நின்று போட்டோ எடுக்கிற சேற்றுக்கரை, மாரியில் மார்பளவு தண்ணீருக்குள் கிடக்கும். இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கண்டல் நடுகிற நாளில் மட்டும் எல்லோருக்கும் மறந்துபோகும்.

அதற்காகத்தான் நீ கம்பைக் கொண்டுவந்தாய். நடப்போகிற இடத்தில் ஒரு நீளக் கம்பை இறுக்கி ஊன்ற வேண்டும். மாதம் ஒருமுறை போய் அன்றைக்குத் தண்ணீர் நிற்கிற உயரத்தில் ஒரு துணித்துண்டைக் கட்ட வேண்டும். வெயிலுக்கு ஒரு நிறம், மாரிக்கு ஒரு நிறம், இடைக்காலத்துக்கு ஒரு நிறம். ஒரு வருடம் முடிந்ததும் அந்தக் கம்பைப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த இடத்தின் தண்ணீர் விளங்கும். துணிக்கு நிறுவனம் காசு தராது. நீ உன் சேலைகளைக் கிழித்தாய். "இவட சேலையெல்லாம் ஆத்துலதான் காயுது" என்று உன் புருஷன் என்னிடம் முறைப்பாடு சொன்னார். நீ அவரையே ஒரு கம்பைப் பிடிக்கச் சொல்லி இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டாய்.

முதல் பாடத்தின் தலைப்புக்கு நாம் எத்தனை நாள் சண்டை பிடித்தோம்! "நடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை" என்று நான் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆள், எனக்கு அப்படித்தான் வரும். நீ பேனாவை வாங்கி அதைக் குறுக்கே வெட்டி, "நடாதீர்கள்" என்று எழுதினாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மரம் நடப் படிக்க வந்தவனிடம் எடுத்த எடுப்பில் நடாதே என்றால் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவான் என்றேன்.

"போகட்டும்கா. மூடிட்டுப் போறவன் நட்டுக் கிழிக்கிறதவிட அது நல்லம்."

கடைசியில் உன் தலைப்பே நின்றது. கீழே மூன்று கேள்விகள் எழுதினோம். இந்த இடத்தில் முன்பு மரம் இருந்ததா? இருந்தால், எதனால் இல்லாமல் போனது? சுற்றிலும் விதை மிதந்து திரியும்போது இப்போது ஏன் தானாக முளைக்கவில்லை? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாத வரைக்கும் கையில் கன்றைத் தொடவே கூடாது என்றாய். விடை தெரிந்து, அந்தத் தடையை நீக்கிவிட்டால் பெரும்பாலும் கன்றே தேவைப்படாது என்றும் எழுதச் சொன்னாய். அதற்குப் படம் நான்தான் வரைந்தேன். என் நண்டைப் பார்த்துவிட்டுச் சிலந்திக்கு இரண்டு கால் கூடிப்போயிற்று என்று பயிற்சிச் செயலமர்வில் எல்லோருக்கும் முன்னால் சொன்னவளும் நீதான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ சொன்னதை நீயே செய்தும் காட்டினாய். பழுகாமத்துப் பக்கம் கைவிடப்பட்ட இறால் பண்ணை ஒன்று கிடந்தது. நோய் வந்து இறால் செத்ததும் முதலாளி கைகழுவிவிட்டுப் போய்விட்டார். சுற்றி உயரமான மண் வரம்பு. உள்ளே மாரித்தண்ணீர் தேங்கி நிற்கும், வெயிலில் உப்புப் பூத்துக் கிடக்கும். ஒரு புல் இல்லை. நீ அங்கே கம்பை ஊன்றி, ஒரு வருடம் முழுக்கத் துணி கட்டினாய். பிறகு வாவியில் மீன்பிடிக்கிற குலேந்திரன் அண்ணனையும் இன்னும் கொஞ்சம் ஆட்களையும் கூட்டிப் போய், வாவிப்பக்க வரம்பில் ஒரு தோணி நுழைகிற அகலத்துக்கு வெட்டுவித்தாய். அவ்வளவுதான் செய்தாய். வாவி ஏறும்போது தண்ணீர் உள்ளே போனது, இறங்கும்போது கூடவே இறங்கியது. அடுத்த மாரிக்குப் பிறகு நீ என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனாய்.

மிதந்து வந்த விதைகள் வரம்போரம் ஒதுங்கி முளைத்திருந்தன. கண்ணா மரம், தில்லை மரம், அங்குமிங்குமாய்க் கண்டல். வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒவ்வொன்றாய்க் குனிந்து பார்த்தாய். நான் தோணிக்குள் இருந்தபடி, இதில் நாம் நட்டது எது என்று கேட்டேன். நீ நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். அட்டையில் போட்டிருப்பது அந்தச் சிரிப்புதான். அன்றைக்கு எடுத்தது நான். சுற்றிலும் வெட்டி, உன் முகத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பின்னால் நின்ற கன்றுகளும் போய்விட்டன, நீல வானம் ஒட்டியிருக்கிறார்கள்.

நிறுவனத்துக்கு அந்தப் பண்ணை பிடிக்கவில்லை. எத்தனை கன்று நட்டீர்கள் என்ற கேள்விக்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றும் நடவில்லை என்றால், பிறகு என்னத்தைச் செய்தீர்கள் என்றார்கள். நீ வழக்கம்போலச் சிரித்துவிட்டு வந்தாய். எனக்கு உன்மேல் இருக்கிற கோபமே அந்தச் சிரிப்பில்தான். மேசையில் தட்டிப் பேசியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாய் விட்டுக்கொடுத்தாய். பாடத்தைச் சுருக்கு என்றார்கள், சுருக்கினாய். கள நாட்களைக் குறை என்றார்கள், குறைத்தாய். நான் கத்தினால், "விடுகா, பாடம் ஆக்கள்ற தலைக்குள்ள போயிற்று. மறுகா என்ன?" என்பாய்.

யாருடைய தலைக்குள் போயிற்று? உன் முதல் செயலமர்வில் முன் வரிசையில் இருந்து, உன் கையால் சான்றிதழ் வாங்கிய பையன்தான் இப்போது அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு. கம்பு ஊன்றும்போது சேற்றில் புதைந்த அவனை நீயும் நானும் ஆளுக்கொரு கையாய் இழுத்து எடுத்தோமே, அவனேதான். இப்போது எல்லோருக்கும் அவன் 'சேர்', பெரிய ஐயா. நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன், நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்தவன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவது சுகமாக இருந்திருக்கும்.

புத்தகம் கிடைத்த அன்றைக்கே அவனுக்குப் போன் எடுத்தேன்.

"கோவிக்காதீங்க டீச்சர். அந்தப் பாடத்த எடுக்கச் சொல்லி மேலால வந்த. நடாதே எண்டு தொடங்கினா ஆரு டீச்சர் காசு தருவான்? என்னை நம்பி இவ்வளவு ஆக்கள் வேல செய்றாங்க. ஆனா மிஸ்ஸ நாங்க மறக்கல்ல. மிஸ்ஸிட பேரில ஒரு கண்டல் தோட்டம் வைக்கப் போறம். அதே இறால் பண்ணையிலதான். நீங்க வந்து பேசணும்."

அதே பண்ணையில்தான். எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. அங்கேதான் மரம் இருக்கிறதே, இன்னும் எங்கே நடுவீர்கள் என்று கேட்டேன். "அது பத்தை புடிச்சுக் கிடக்கி டீச்சர். கிளீன் பண்ணிட்டு வரிசையா நடுவம்" என்றான். நான் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன். அது வெறும் புதர்ப் பத்தை இல்லை, அதுதான் அவள் செய்த காடு என்றேன். உனக்கு அவள் படிப்பித்தது அதைத்தானே என்றேன். விருந்தினரின் நாள் குறித்தாயிற்று, இனி மாற்ற ஏலாது என்றான்.

விழாவுக்கு முதல் நாள் நான் அங்கே போனேன். தடுத்துவிடலாம் என்ற நினைப்பு. ஓட்டோவால் இறங்கி வரம்பில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. எல்லாம் வெட்டிக் குவித்துக் கிடந்தது. இடுப்புக்கு வளர்ந்த கண்ணா, தோளுக்கு வந்த தில்லை, எல்லாம் ஒரே குவியலாய் வாடிக்கொண்டிருந்தன. குலேந்திரன் அண்ணன் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தில்லைப் பால் பட்டு முழங்கை வரைக்கும் கொப்பளித்திருந்தது. அந்த மரங்கள் திருப்பி அடித்தது அவ்வளவுதான். நீ வெட்டுவித்த வரம்பை முதலில் வெட்டியவரும் அவர்தான். அப்போது கூலிக்கு வெட்டினார், இப்போதும் கூலிக்குத்தான் வெட்டினார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதைவிடப் பெரிய அநியாயம் அங்காலே நடந்திருந்தது. மேடைக்கு விருந்தினர் வரம்பு வழியே நடந்து வர வேண்டுமாம். நடுவில் உன் வெட்டு. தோணி நுழைகிற அந்த இடைவெளியில் ஒரு ட்ரக்டர் கிரவல் மண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கி, மேலே சிவப்புக் கம்பளம் விரிக்க அளவாய்ச் சமப்படுத்தியிருந்தார்கள். நான் அதன்மேல் போய் நின்றேன். காலுக்குக் கீழே கல்லுமாதிரி இருந்தது. ஒரு வருடம் நீ துணி கட்டிக் கட்டிக் கண்டுபிடித்த விடை அந்த வெட்டுதான். அதைச் சப்பாத்தில் சேறு படாமலிருப்பதற்காக மூடிவிட்டார்கள். அன்றைக்கு உன்னை நினைத்து அழவில்லை. ஆத்திரத்தில்தான் அழுதேன்.

அடுத்த நாள் போகாமல் விட்டிருக்கலாம். ஒலிவாங்கி கையில் கிடைக்கிறதே என்று போனேன். குத்துவிளக்கு, மாலை, உன் பெரிய படம், ஸ்பீக்கரில் சோக இசை. உன் புருஷனை முன் வரிசையில் இருத்தியிருந்தார்கள். அந்த மனிதர் வேட்டி மடியைப் பார்த்தபடியே இருந்தார். நான் எழும்பிச் சுற்றி வளைக்காமல் பேசினேன். அவள் எழுதிய முதல் பாடம் "நடாதீர்கள்" என்பது, அதை இந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்றேன். இந்த வரம்பில் கிரவல் போட்டு மூடியிருப்பது அவளுடைய வெட்டு, அதை இன்றைக்கே திறவுங்கள், இல்லாவிட்டால் மாரியில் இங்கே நிற்கிற தண்ணீர் இறங்காது, நீங்கள் நடுகிற ஒவ்வொன்றும் அழுகிச் சாகும் என்றேன். குரல் நடுங்கியது. அதைக் கேட்டு, நான் உன்னை நினைத்து உருகுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கைதட்டினார்கள். நம்புவாயா? நீண்ட நேரம் கைதட்டினார்கள். டீச்சரின் உணர்ச்சிபூர்வமான உரைக்கு நன்றி என்று அறிவிப்பாளர் சொன்னார். உடனே விருந்தினரைக் கன்று நட அழைத்தார்.

அவர்களுக்காகச் சேற்றின்மேல் பலகை போட்டிருந்தது. கறுப்புப் பொலித்தீன் பையில் வளர்ந்த கண்டல் கன்றுகள், கயிறு பிடித்துத் தோண்டிய குழிகள். பையைக் கழற்ற வேண்டுமா என்று ஒரு விருந்தினர் கேட்டார். "தேவல்ல சேர், அப்பிடியே வைங்க, கை ஊத்தையாகும்" என்றது ஒரு குரல். பையோடேயே வைத்தார். மற்றவர்களும் பையோடேயே வைத்தார்கள். உன் மாணவன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் கண் என் கண்ணைச் சந்தித்தது. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவன் மாதிரி நிற்கவும் தெரியும். போகும்போது என்னிடம் வந்து, "அந்த வெட்ட அடுத்த கட்டத்தில பாப்பம் டீச்சர்" என்றான்.

மாரி வந்தது. அதற்குக் கட்டமெல்லாம் கிடையாது. வாவி ஏறியது, வட்டைக்குள் தண்ணீர் புகுந்தது, சத்தம் எழுந்தது, முகத்துவாரத்தை வெட்டினார்கள். ஊரெல்லாம் தண்ணீர் இறங்கிய பிறகு குலேந்திரன் அண்ணனின் தோணியில் போய்ப் பார்த்தேன். வரம்புக்கு வெளியே வாவி கீழே போயிருந்தது. உள்ளே, கிரவலுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் அசையாமல் நின்றது. மேலே கறுத்த இலை நுனிகள் வரிசை வரிசையாய்த் தெரிந்தன. எவ்வளவு நேர்த்தியான வரிசை! வரம்பின்மேல் உன் பேர்ப்பலகை மட்டும் ஈரம் படாமல் நின்றது.

அண்ணன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "செத்தாத்தானே டீச்சர் மறுகா நடலாம். எங்களுக்கும் அடுத்த வருசம் வேல இரிக்கி" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஒரு தரம் நட்டு, அது பிழைத்துவிட்டால் அவர் வேலை அத்தோடு முடிந்தது. இதை நம் கைநூலில் நாம் எழுதவில்லை. உனக்கும் எனக்கும் அது தோன்றவில்லை. ஒவ்வொரு வருடமும் சாகிற தோட்டத்தை நம்பி எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஒரு பாடம் வைத்திருக்க வேண்டும்.

உன் மாணவன் அறிக்கையில் இயற்கை அனர்த்தம் என்று எழுதிவிட்டானாம். அவனே சொன்னான். அடுத்த வெயிலில், உன் ஞாபகமாக, மறுபடியும் நடப்போகிறார்கள். நான் போக மாட்டேன் என்றேன். பரவாயில்லை, போன தரம் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம், அதைப் போடுவோம் என்றான். நடாதீர்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் நடுவார்கள். நீ இருந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை மாதிரி எனக்குப் பெரிய மனது கிடையாது. கிடைக்கவும் வேண்டாம்.

இனி இந்தச் சேலை விஷயத்துக்கு வருகிறேன்.

தண்ணீர் இறங்கிய பிறகு ஒருநாள் குலேந்திரன் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காத்தான்குடிக்கு மீன் கொண்டுவந்தவர், கூடையை இறக்கி வைக்காமலே, "டீச்சர், ஒண்டு காட்டுறன். ஒருத்தருக்கும் சொல்லப்படா" என்றார். தோணியில் வெகுதூரம் கூட்டிப் போனார். இன்னொரு இறால் பண்ணை, இதுவும் கைவிட்டதுதான். அந்த வெள்ளத்தில் அதன் வரம்பு தானாகவே உடைந்திருந்தது. வாவி தன்பாட்டில் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. உடைந்த வாய்க்கு அங்கால் சேற்றில் விதைகள் ஒதுங்கிக் கிடந்தன. சில ஏற்கெனவே இரண்டு இலை விட்டிருந்தன. சின்னதாய், பச்சையாய், கேட்பார் கேள்வியில்லாமல்.

நான் தோணியை விட்டு இறங்கினேன். நீ குனிந்த மாதிரி குனிந்து பார்த்தேன். என் முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதைச் சொன்னால் சேர்மார் உங்களுக்கு வேலை தருவார்களே, ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"சொன்னா மறுகா நட வந்திருவாங்க. எனக்கு இஞ்ச நல்லா மீன் படுது டீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவ இருந்தா இதுக்கு ஒரு கம்பு வெச்சிருப்பா" என்றும் சொன்னார். கையில் அந்தக் கொப்பளம் ஆறிய தழும்பு இருந்தது.

அடுத்த தரம் போகும்போது கம்பு கொண்டுபோனோம். அவர் ஊன்றினார், புறுபுறுத்துக்கொண்டேதான். தை மாதத்துத் துண்டைக் கட்டியாயிற்று. அது உன் மஞ்சள் சேலை. உன் அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது, பழைய சேலைகளை என்ன செய்வது என்று உன் புருஷன் கேட்டார். எல்லாவற்றையும் எனக்குத் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும். இந்தப் பச்சை வெயில் காலத்துக்கு. மாரிக்கு நீலம் இருக்கிறது, இன்னும் கிழிக்கவில்லை.

படிப்பித்தே வயதுபோனவள் நான். தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இப்போது நம் பாடம் முழுதாய்ச் சேற்றில் எழுதியிருக்கிற ஓர் இடம் எனக்குத் தெரியும். அங்கே ஒரு மாணவனையும் கூட்டிப் போக மாட்டேன். போனில் ஒரு படம் எடுக்கவில்லை. போன கிழமை உன் மாணவன் போன் எடுத்து, வேறு நல்ல இடம் ஏதும் கண்டீர்களா டீச்சர் என்று கேட்டான். இல்லை மகன் என்றேன்.

உனக்குச் சொல்லலாம்தான். எந்த ஊர், எந்தத் துறையில் தோணி ஏறுவது, உடைந்த வரம்பு எந்தப் பக்கம் என்றெல்லாம் எழுத விரல் துடிக்கிறது. ஆனால் எழுத மாட்டேன். நான் போன பிறகு இந்த மடலையும் எவராவது கண்டெடுத்து, உன் படத்தை அட்டையில் போட்டு அச்சடித்துவிடுவார்கள்.